வளைகாப்புக்கு முன்பே: இரட்டைப் பிள்ளைகளுக்குப் பாலூட்ட ஒரு முன்னேற்பாடு

இரட்டைக் கரு என்று ஸ்கேனில் தெரிந்த நாள் முதல் பிரசவம் வரை ஒரு தாய்க்குக் கிடைக்கும் அவகாசம், ஒற்றைப் பிள்ளை சுமப்பவருக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரம் நிறையும் முன்பே பிறந்துவிடுகிறார்கள். ஆகவே பாலூட்டல் தொடர்பான ஏற்பாடுகளை ஒன்பதாம் மாதத்துக்கு ஒத்திப்போட முடியாது. 28ஆம் வாரத்தை ஒட்டி, அதாவது ஏழாம் மாதத்துக்குள், அவை முடிந்திருக்க வேண்டும். காவிரிப் படுகையின் நடுவே இருக்கும் நீடாமங்கலத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் வளைகாப்பு நடப்பதும் பெரும்பாலும் ஏழாம் மாதத்தில்தான். வளையல் அடுக்கி, கலவை சாதம் பரிமாறி, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் அந்தச் சடங்கு, இரட்டைக் கர்ப்பத்தைப் பொறுத்தவரை முன்னேற்பாடுகளின் தொடக்கமாக அல்ல, முடிவாக அமைவதே நல்லது.

இரட்டைப் பிரசவம் முன்போல அபூர்வமும் அல்ல. 1980களின் தொடக்கத்தில் உலகில் ஆயிரம் பிரசவங்களுக்கு 9.1 ஆக இருந்த இரட்டைப் பிரசவ வீதம் 2010–15 காலத்தில் 12.0 ஆக உயர்ந்தது என்று 2021இல் வெளியான ஓர் உலகளாவிய கணக்கெடுப்பு காட்டியது. தாமதமான கர்ப்பமும் கருத்தரிப்பு சிகிச்சையும் இதற்கு முக்கியக் காரணங்கள். பிள்ளை வரம் வேண்டி நீடாமங்கலம் சந்தான ராமசுவாமி கோயிலுக்கு வரும் தம்பதியரில் பலர் இன்று கருத்தரிப்பு மையத்துக்கும் போய்வருகிறார்கள். அங்கே கருமுட்டையைத் தூண்டும் மருந்து கொடுத்தாலோ ஒன்றுக்கு மேற்பட்ட கருவை வைத்தாலோ இரட்டையர் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது.

இரட்டை என்றதும் வீட்டுப் பெரியவர்கள் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "ஒரு புள்ளைக்கே பத்தாது, ரெண்டுக்கு எங்கேருந்து வரும்?" உடலின் வேலைமுறை இந்தப் பேச்சை ஒப்புக்கொள்வதில்லை. கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே மார்பகத்தின் சுரப்பித் திசு சீம்பாலை உருவாக்கத் தொடங்கிவிடும். ஆனால் நஞ்சுக்கொடி சுரக்கும் புரோஜெஸ்டிரோன் பெருமளவு பால் ஊறாமல் தடுத்து வைத்திருக்கும். பிரசவத்தில் நஞ்சு வெளியேறியதும் அந்தத் தடை விலகி, சுமார் 30 முதல் 72 மணி நேரத்துக்குள் பால் இறங்குகிறது. அதற்குப் பிறகு சுரப்பின் அளவை முக்கியமாகத் தீர்மானிப்பது, மார்பிலிருந்து எவ்வளவு பால், எத்தனை முறை வெளியேறுகிறது என்பதே. குழந்தை சப்பும்போது புரோலாக்டின் பாலைச் சுரக்கச் செய்கிறது, ஆக்சிடோசின் அதைக் காம்புக்குத் தள்ளுகிறது. மார்பில் பால் தேங்கினால் சுரப்பு மட்டுப்படும், காலியானால் வேகம் பிடிக்கும். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று விவசாயக் குடும்பத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் பீட்டர் ஹார்ட்மன் குழுவினர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், இரட்டையருக்குப் பாலூட்டிய எட்டுத் தாய்மாரும் ஒரே பிரசவத்தில் பிறந்த மூவருக்குப் பாலூட்டிய ஒரு தாயும் பங்கேற்றார்கள். ஆறாம் மாதத்தில் இரட்டையருக்கு முழுமையாகப் பாலூட்டியவர்களிடம் நாளொன்றுக்கு 0.84 முதல் 2.16 கிலோ வரை பால் சுரந்தது. மூன்று பிள்ளை பெற்றவரிடம் இரண்டரை மாதத்தில் 3 கிலோவுக்கும் மேல். ஒற்றைப் பிள்ளையின் தாய்க்கு இது சராசரியாக முக்கால் லிட்டர் அளவில் இருக்கும். ஒன்பது பேரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான் இது. ஆனாலும் உடலால் முடியுமா என்ற கேள்விக்கு இது போதுமான பதில். இரட்டையரின் தாய்மாருக்குப் பால் குறைவது பெரும்பாலும் வேறு காரணங்களால்: குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்து சரியாகச் சப்பாமல் இருப்பது, தாயும் பிள்ளைகளும் பிரிக்கப்படுவது, சிசேரியன், அதிக இரத்தப்போக்கு, தூக்கமின்மை, முதல் வாரத்திலேயே மாவுப்பால் நுழைந்து மார்பு காலியாகும் முறைகள் குறைந்துபோவது. இவற்றில் பலவற்றைக் கர்ப்ப காலத்திலேயே எதிர்பார்த்துத் திட்டமிட முடியும்.

முதலில், செய்ய வேண்டாத ஒன்று. பாலூட்டத் தயாராவது என்றால் காம்பைத் துண்டால் தேய்ப்பது, இழுத்து உருட்டுவது, எண்ணெய் போட்டு 'பழக்குவது' என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. உள்ளிழுத்த காம்புக்குக் கர்ப்ப காலத்தில் செய்யும் பயிற்சிகளும் அணியும் கவசங்களும் பயன் தருகின்றனவா என்று 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஆராய்ந்தபோது பயன் எதுவும் தெரியவில்லை. கவசம் அணியச் சொல்லப்பட்ட பெண்களில் பாலூட்டியவர்கள் குறைவாகவே இருந்தார்கள். இரட்டைக் கர்ப்பத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. காம்பைத் தூண்டினால் ஆக்சிடோசின் சுரக்கும், அது கருப்பையையும் சுருங்க வைக்கும். பிரசவத்துக்கு முன்பே சீம்பாலைப் பீச்சிச் சேமிக்கும் பழக்கத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2017இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, நீரிழிவு உள்ள, வேறு சிக்கல் இல்லாத பெண்கள் 36ஆம் வாரத்திலிருந்து பீச்சுவதால் தீங்கில்லை என்று கண்டது. ஆனால் அது ஒற்றைக் கர்ப்பத்தினரை வைத்துச் செய்தது. இரட்டையரில் பலர் 36ஆம் வாரத்தை எட்டுவதே பெரிய காரியம். மகப்பேறு மருத்துவர் சொல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

செய்ய வேண்டியது மார்பகத்தை ஒருமுறை மருத்துவரிடம் காட்டிக்கொள்வது. தட்டையான அல்லது உள்ளிழுத்த காம்பு, முன்பு நடந்த மார்பக அறுவை, கர்ப்பத்தில் மார்பகம் சற்றும் பெரிதாகாதது, தைராய்டு குறைவு, நீரிழிவு ஆகியவை இருந்தால் பால் இறங்கத் தாமதமாகலாம் அல்லது கூடுதல் உதவி தேவைப்படலாம். முதல் பிள்ளைக்குப் பால் கொடுத்ததில் ஏற்பட்ட சிரமங்களையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். பிரசவ அறையில் அவற்றைக் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது.

இரத்தசோகையை யாரும் பாலூட்டலோடு சேர்த்துப் பேசுவதில்லை, பேச வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் சுமார் 48 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. இரண்டு கருக்கள் தாயின் இரும்புச்சத்தை மேலும் உறிஞ்சுகின்றன. பெரிதும் விரிந்த கருப்பை பிரசவத்துக்குப் பின் சரியாகச் சுருங்காததால் இரத்தப்போக்கும் அதிகமாகலாம். ஏற்கெனவே இரத்தம் குறைந்தவர் மேலும் இழந்தால், பால் இறங்குவது தாமதமாகும், எழுந்து உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளைப் பிடிக்கும் தெம்பும் இருக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை விடாமல் விழுங்குவதும், அது போதாதவர்கள் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றிக்கொள்வதும் பாலூட்டலுக்கான ஏற்பாடுகள்தான். மாத்திரையைக் காபி, டீயோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடலில் சரியாகச் சேராது.

உணவைப் பொறுத்தவரை, பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் நாளொன்றுக்குக் கூடுதலாக 600 கிலோ கலோரியும் 17 கிராம் புரதமும் தேவை என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. இது ஒரு பிள்ளைக்கான கணக்கு. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் 650–700 கிலோ கலோரி இருப்பதால், ஒன்றரை லிட்டர் சுரப்பவருக்குக் கூடுதல் தேவை ஆயிரத்தைத் தாண்டும். கர்ப்பத்தில் உடலில் சேர்ந்த கொழுப்பு இதில் ஒரு பங்கைக் கொடுக்கும், மீதி தட்டிலிருந்து வர வேண்டும். நெல் விளையும் பூமியில் சோற்றுக்குப் பஞ்சமில்லை, குறைவது புரதம். சம்பா அறுவடைக்குப் பின் நெல் தரிசில் விளையும் உளுந்து இங்கேயே கிடைக்கிறது. 100 கிராம் உளுந்தில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. உளுந்தங்களி, முட்டை, வாய்க்கால் மீன், பாசிப்பயறு, முருங்கைக்கீரை, அங்கன்வாடியில் தரும் சத்துமாவு ஆகியவற்றைக் கர்ப்பத்திலேயே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணத்தோடு நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக் அடங்கிய பெட்டகமும் தருகிறார்கள். அதிலுள்ளவற்றை வீட்டில் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வது நடைமுறை. இரட்டைப் பிள்ளை சுமப்பவர் அதைத் தனக்கென்றே வைத்துக்கொண்டால் யாரும் தவறாக நினைக்க வேண்டியதில்லை.

பாலூட்டல் எப்படி அமையும் என்பதை வேறெதையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது பிரசவம் எங்கே நடக்கிறது என்பதுதான். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் இரு கருவுக்கும் ஒரே நஞ்சா, தனித்தனியா என்பதைத் தெரிந்துகொள்ளலாம். ஒரே நஞ்சைப் பகிரும் இரட்டையருக்குச் சிக்கல் அதிகம் என்பதால் 16ஆம் வாரம் முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தேவை, பிரசவமும் சற்று முந்தியே திட்டமிடப்படும். எந்த வகையானாலும், பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பராமரிப்புப் பிரிவு உள்ள மருத்துவமனையே இரட்டைப் பிரசவத்துக்கு ஏற்றது. நீடாமங்கலத்துக்குக் கிழக்கே திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மேற்கே தஞ்சாவூர் ராசா மிராசுதார் அரசு மருத்துவமனையும் இருக்கின்றன. இரண்டும் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவு. தஞ்சை மருத்துவமனை, அரச குடும்பமும் மிராசுதார்களும் கொடுத்த நிதியில் எழுந்ததால் அந்தப் பெயர் பெற்றது. தூரம் பெரிதல்ல. ஆனால் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டிகள் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது ஊரறிந்த சங்கதி. கேட்டுக்கு எந்தப் பக்கம் வீடு, எந்தப் பக்கம் மருத்துவமனை என்பதையும் யோசித்துவைக்க வேண்டும்.

தாய்வீட்டுக்குப் போகும் வழக்கத்தில் ஒரு கண்ணி மறைந்திருக்கிறது. ஏழு மாதம் வரை ஒரு ஊரில் பார்த்துவிட்டு, வளைகாப்பு முடிந்ததும் வேறு ஊருக்குப் போனால், ஸ்கேன் முடிவுகளும் அரசின் கர்ப்பப் பதிவான பிக்மி எண்ணும் கையில் இருந்தும் மருத்துவர் புதியவராகிவிடுகிறார். தாய்வீடு உள்ளே தள்ளிய கிராமம் என்றால் தூரமும் கூடுகிறது. எந்த மருத்துவமனை என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, எந்த வீடு என்பதைப் பிறகு முடிவு செய்வதே சரியான வரிசை. ஐப்பசி, கார்த்திகையில் நாள் குறித்திருந்தால் மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிறகு மன்னார்குடி வட்டாரத்துப் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மாவுப்பாலுக்கு வெந்நீரும் சுத்தமான பாத்திரமும் வேண்டும், பீச்சிவைத்த பாலுக்கு ஓடுகிற ஃபிரிட்ஜ் வேண்டும். நேராக மார்பில் குடிக்கும் பிள்ளைக்கு இவை எதுவும் தேவையில்லை.

வளைகாப்பன்று கூடும் உறவினர் கூட்டத்தில்தான் பிரசவத்துக்குப் பின் உதவப்போகிறவர்கள் எல்லோரும் இருப்பார்கள்: அம்மா, மாமியார், அத்தை, நாத்தனார், கணவர். ஒரு நாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது எட்டு முறை, ஒவ்வொன்றும் 25 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், தனித்தனியாகக் கொடுக்கும்போது பாலூட்டலுக்கு மட்டும் ஆறு மணி நாற்பது நிமிடம் போகிறது. ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, பால் பீச்சுவது தனிக் கணக்கு. தாய் வேறு எந்த வேலையும் செய்ய முடியாது என்பதை வீடு முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். சமையல் யார், துணி யார், இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையை எடுத்துக் கொடுப்பது யார் என்று பெயர் குறித்துப் பேசிவிடுவது பலனுள்ளது. நடவு, அறுவடைச் சமயம் என்றால் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் வயலில் இருப்பார்கள். அப்போது கணவரின் பங்கு இன்னும் பெரிதாகிறது. பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆண்களால் செய்ய முடியும்.

கர்ப்பத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டிய கைத்திறன் பால் பீச்சுவது. செய்முறையைச் செவிலியரிடம் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டால் போதும், கர்ப்பத்தில் செய்து பார்க்கத் தேவையில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில் எதிரெதிராக இருக்க, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பின் விரல்களைச் சேர்த்து அமுக்கி, விட வேண்டும். காம்பை இழுக்கக் கூடாது, தோலில் விரல் வழுக்கவும் கூடாது. முதல் நாட்களில் சொட்டுச் சொட்டாக வரும் சீம்பாலுக்குப் பம்பைவிடக் கைதான் ஏற்றது. பால் இறங்கிய பிறகு நீண்ட நாள் பீச்ச வேண்டியிருந்தால், இரு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின்சார பம்ப் நேரத்தை மிச்சப்படுத்தும்.

வாங்கி வைக்க வேண்டிய பொருள் அதிகமில்லை. பாலாடை அல்லது சங்கு இரண்டு, மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணங்கள், முன்பக்கம் திறக்கும் உடைகள், உறுதியான தலையணைகள், ஒரு நோட்டுப் புத்தகம். தமிழ் வீடுகளில் தலைமுறைகளாக இருந்த பாலாடையைத்தான் இன்று இந்திய மருத்துவமனைகள் குறைமாதப் பிள்ளைகளுக்குப் பீச்சிய பால் புகட்டப் பயன்படுத்துகின்றன. மூக்குள்ள அந்தச் சிறு பாத்திரத்தைக் கழுவுவதும் கொதிக்க வைப்பதும் எளிது. குழந்தை ரப்பர் காம்புக்குப் பழகி மார்பை மறுக்கும் சிக்கலும் அதில் இல்லை. பால் பாட்டிலைப் பட்டியலில் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

பிரசவத்துக்குப் பின் முதல் ஒரு மணி நேரம் முக்கியமானது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 45 சதவீதம் சிசேரியன், இரட்டைப் பிரசவத்தில் அது இன்னும் அதிகம். சிசேரியன் ஆனாலும் தாய் விழிப்புடன் இருந்தால், பிள்ளைகளை மார்பில் போடச் சொல்லி முன்பே மருத்துவரிடம் கேட்டுவைக்கலாம். பிள்ளைகள் சிறப்புப் பிரிவுக்குப் போய்விட்டால், முதல் சில மணி நேரத்துக்குள் பீச்சத் தொடங்கி, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும் விடாமல், நாளுக்கு எட்டு முதல் பத்து முறை எடுக்க வேண்டும். முதல் நாள் கிடைப்பது சில மில்லிலிட்டர்தான். அதைப் பார்த்து மனம் விடக் கூடாது, அந்த நாளின் பச்சைக்குழந்தைக்கும் அவ்வளவுதான் தேவை. சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் இணைக்கும் திறன் 34 வாரத்தை ஒட்டியே கைகூடுகிறது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு இந்தப் பாலைக் குழாய் வழியாகவோ பாலாடையாலோ கொடுப்பார்கள். தாயின் பால் வரும்வரை தாய்ப்பால் வங்கி உதவும். 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் நாட்டின் முதல் வங்கி தொடங்கியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2014 முதல் வங்கிகள் வந்தன, தஞ்சாவூரும் அதில் ஒன்று.

கங்காரு பராமரிப்பு 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் பிறந்த முறை. பிள்ளையைத் தோலோடு தோலாக நெஞ்சில் கட்டிக்கொள்வதே அது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், எடை குறைந்த பிள்ளைகளுக்குப் பிறந்தவுடனே இதைத் தொடங்கியபோது இறப்பு 25 சதவீதம் குறைந்தது. பால் சுரப்பும் கூடும். இரட்டையரை இருவருமாகத் தாய் நெஞ்சில் வைக்கலாம், அல்லது ஒன்றைத் தாயும் மற்றதைத் தந்தையோ பாட்டியோ ஏந்தலாம். சட்டையைக் கழற்றி உட்கார வேண்டும் என்பதைத் தந்தைக்கு முன்பே சொல்லிவைத்தால் வார்டில் கூச்சம் இருக்காது.

ஒரே நேரத்தில் இருவருக்கும் பாலூட்டும் நிலைகளைத் தலையணைகளை வைத்துக் கர்ப்பத்திலேயே ஒத்திகை பார்க்கலாம். இரண்டு பிள்ளைகளின் கால்களும் தாயின் அக்குளுக்குப் பின்னால் போக, தலைகள் முன்னால் உள்ளங்கைகளில் இருக்கும் நிலை, சிசேரியன் தையலில் எடை விழாமல் காக்கும். ஒன்றை அக்குளிலும் மற்றதை மடியிலும் பிடிப்பது இன்னொரு வகை. நாற்காலி இல்லாத வீட்டில் சுவரில் முதுகு சாய்த்து, பாயில் உட்கார்ந்து, மடித்த போர்வைகளை இரு பக்கமும் அடுக்கினாலே போதும். ஆனால் தொடக்க நாட்களில் ஒவ்வொருவராகக் கொடுப்பதே நல்லது. கருவட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போகும்படி இருவரும் தனித்தனியே பற்றப் பழகிய பிறகுதான் இருவரையும் சேர்த்து வைப்பது எளிதாகும். இருவரில் ஒருவர் வலுவாகச் சப்புபவராக இருப்பார். பக்கங்களை நாளுக்கு நாள் மாற்றினால் இரு மார்பும் ஒரே அளவில் சுரக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பத்தியம் தொடங்கும். பூண்டுக் குழம்பு, பால் சுறா புட்டு, பிரசவ லேகியம் எல்லாம் ருசிக்கும் தெம்புக்கும் நல்லவை. அவை மட்டுமே பாலைப் பெருக்கிவிடும் என்பதற்கு உறுதியான சான்றில்லை. கெடுதல், தாய்க்குத் தண்ணீர் குறைத்துக் கொடுக்கும் பழக்கம். தாகத்துக்குத் தகுந்தபடி குடிப்பதைத் தடுக்கக் கூடாது. பிள்ளைகளுக்குச் சேனை வைப்பது, தேன், கழுதைப்பால், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். குறைமாதப் பிள்ளையின் குடல் கிருமித்தொற்றைத் தாங்காது. யார் இதைப் பாட்டியிடம் சொல்வது என்பதையும் வளைகாப்புக்கு முன்பே முடிவு செய்துவிடலாம். மருமகள் சொன்னால் எடுபடாதது கிராம சுகாதார செவிலியர் சொன்னால் எடுபடும். பீச்சிய பாலை வெளியில் 4 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, கத்திரி வெயிலில் அதையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

குறைமாதப் பிள்ளை பசித்தால் அழும் என்று காத்திருக்கக் கூடாது, தூங்கியபடியே சோர்ந்துபோகும். மூன்று மணிக்கு ஒருமுறை எழுப்பிக் கொடுக்க வேண்டும். யார் எப்போது குடித்தார், சிறுநீர் எத்தனை முறை என்பதைக் குறிக்கத்தான் நோட்டுப் புத்தகம். ஒரே முகச் சாயல் என்றால் கையில் வேறு வேறு நிறக் கயிறு கட்டினால் ஒருவருக்கே இரு முறை பால் போகாது. ஐந்தாம் நாளுக்குப் பின் தினமும் ஆறு முறையாவது சிறுநீர் போவதும், இரண்டு வாரத்தை ஒட்டிப் பிறந்த எடையை மீண்டும் எட்டுவதும், பின்னர் நாளுக்கு 20–30 கிராம் கூடுவதும் பால் போதுமான அளவு போகிறது என்பதற்கான அடையாளங்கள். அழுகை நம்பத்தக்க அடையாளம் அல்ல, தராசுதான் சரியான சாட்சி. மஞ்சள் காமாலை கூடினாலோ பிள்ளை பால் மறுத்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எல்லா ஏற்பாடும் செய்தும் சிலருக்குப் பால் இருவருக்கும் போதாமல் போகலாம். அப்போது மருத்துவர் சொல்லும் அளவு மாவுப்பாலைப் பாலாடையில் கொடுத்து, மார்பில் போடுவதையும் பீச்சுவதையும் விடாமல் தொடர்ந்தால், சுரப்பு கூடக்கூட மாவுப்பாலைக் குறைத்துக்கொண்டே வரலாம். முற்றிலும் தாய்ப்பால், இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று பார்ப்பதே பல இரட்டையர் வீடுகளில் பாலூட்டல் நின்றுபோகக் காரணம். நாளுக்கு 300 மில்லி தாய்ப்பால் கிடைத்தாலும், அந்த 300 மில்லியில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருட்கள் எந்த டப்பாவிலும் கிடையாது.